படிப்பு உத்திகளும் அவற்றின் எல்லையும்

'உத்தி' என்னுஞ் சொல் தமிழாசிரியர்க்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மரபியலும் நன்னூலின் பொதுப்பாயிரமும் 32 உத்திகளை எண்ணிக் கூறுகின்றன. நூல் அமைந்துள்ள முறையை அறிந்து பொருள் கொள்ளுதற்கு அவை துணை புரிவன. ஆங்கில மொழிக் கல்வித் துறையில் இன்று 'படிப்பு உத்தி' என்று பேசப்படுவதோ வேறொன்று. தம் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் அமைந்த கல்வி நூல்களை வயது வந்த மாணாக்கர் விரைந்தும் தெளிந்தும் படித்தற்குக் கைக்கொள்ளத்தக்க வழிகளே அங்கு உத்திகள் எனப்படும். தலைப்பை நோக்கிப் பொருளை முன்னுணர்தல், பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துக் கருத்தைப் பற்றுதல், வேண்டிய செய்தியை மட்டும் தேடியெடுத்தல், அறியாத சொல்லின் பொருளைச் சூழலால் உய்த்துணர்தல், படித்ததைத் தன் சொல்லாற் சுருக்கிக் கூறல் ஆகியவை அவற்றுள் தலையாயவை.

இவ்வுத்திகளைக் கற்பிக்காத பாடநூல் இன்று அரிது. பயிற்சிக் கல்லூரிகளில் இவை போதிக்கப்படுகின்றன. தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் வகுப்புகளில் இவை மந்திரம்போல் ஓதப்படுகின்றன. ஆயினும், பல மாதம் இப்பயிற்சி பெற்ற மாணாக்கர் பலர், தம் பாடத்துக்குரிய ஆங்கில நூலின் ஓர் அதிகாரத்தைக் கையிலெடுத்தால் பத்துப் பக்கத்தைத் தாண்டுமுன் சோர்ந்து மூடிவிடுவதையும் ஆசிரியர்கள் அறிவர். குற்றம் மாணாக்கரிடத்தா, உத்திகளிடத்தா, அன்றி உத்திகளுக்குத் தகுதிக்கு மேற்பட்ட இடம் தந்தவரிடத்தா என்பதே ஆராயத்தக்கது.

உத்திகள் பிறந்த இடம்

எந்தக் கொள்கையையும் மதிப்பிடுமுன் அது யாருக்காகப் பிறந்தது என்று காண்டல் வேண்டும். அமெரிக்க நாட்டில் ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த பிரான்சிஸ் ராபின்சன் 1946-இல் வெளியிட்ட நூலில் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையை வகுத்தார். முதலில் அதிகாரத்தை நோட்டமிடுதல், பின்னர் வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல், அவற்றுக்கு விடை காணும் நோக்குடன் படித்தல், நூலை மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்தல், இறுதியில் மீள நோக்குதல் என்பவையே அப்படிகள். 1967-இல் கென்னத் குட்மன் என்பார், படித்தல் என்பது எழுத்தெழுத்தாகக் கூட்டுவதன்று, மொழியறிவின் துணையால் அடுத்து வருவதை ஊகித்துச் செல்வது என்றொரு கொள்கையை நிறுவினார். 1984-இல் பாலின்சர், பிரௌன் என்னும் இரு பெண் அறிஞர்கள், முன்னுணர்தல், வினவுதல், தெளிவுபடுத்தல், சுருக்குதல் என்னும் நான்கையும் ஆசிரியரும் மாணவரும் மாறி மாறிச் செய்யும் முறையைக் கையாண்டு நற்பயன் கண்டனர்.

இம்மூன்றும் சிறந்த முயற்சிகளே. எனினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. ராபின்சன் கருதியது அமெரிக்கக் கல்லூரி மாணாக்கரை. குட்மன் கண்டது தம் மொழியைப் படிக்கும் சிறுவரை. பாலின்சரும் பிரௌனும் எடுத்துக்கொண்டது சொற்களைத் தட்டின்றிப் படித்தும் பொருளுணர்வில் பின்தங்கிய ஏழாம் வகுப்பு மாணவரை. ஆங்கிலத்தின் சொல்லும் வாக்கியமும் இவர்கள் அனைவர்க்கும் பெரும்பாலும் கைவந்தவை. அடித்தளம் உள்ள வீட்டுக்கு மாடி கட்டும் முறையே அங்கு வகுக்கப்பட்டது. அதனை அடித்தளம் இடாத நிலத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் இடர் தோன்றியது.

மலாயாவில் எழுந்த தேவை

இந்நாட்டில் இச்சிக்கல் வெறும் ஏட்டுச் சிக்கலாக இருந்ததில்லை. ஆங்கிலமொழிப் பள்ளிகள் 1970 முதல் ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாற்றப்பட்டன. 1983-ஆம் ஆண்டளவில் அம்மாற்றம் பல்கலைக் கழக வாயிலை எட்டியது. விரிவுரை மலாயில், தேர்வு மலாயில், நூலகத்து அடுக்குகளில் இருந்த நூல்களுட் பெரும்பாலானவையோ ஆங்கிலத்தில். பேசவும் எழுதவும் ஆங்கிலம் வேண்டா, படிக்க மட்டும் வேண்டும் என்னும் புதுமையான நிலை மாணாக்கர்க்கு வாய்த்தது.

இந்நிலையை எதிர்கொள்ள மலாயாப் பல்கலைக் கழகம் சிறப்பு நோக்க ஆங்கிலத் திட்டம் ஒன்றை மேற்கொண்டது. அதன் பயனாகக் 'கற்றற்குரிய திறன்கள்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் ஒரு பாடநூல் வரிசை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிவந்தது. கல்வி நூலைப் படித்தலையே குறியாகக் கொண்டு, பிற திறன்களை அதற்குத் துணையாக்கிய இம்முயற்சி துணிவு மிக்கது. வங்காளத்தில் ஆசிரியப் பயிற்சிப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1926-இல் வெளியிட்ட இருமொழிக் கல்வி பற்றிய நூலில், அந்நாட்டு மாணாக்கர்க்கு முதலில் வேண்டுவது ஆங்கிலத்தைப் பேசுவதன்று, படிப்பதே என்று வாதிட்டதும் ஈண்டு நினையத்தக்கது. தேவையை உணர்ந்து பாடத்தை வகுத்த வகையில் இவ்விரு முயற்சிகளும் ஒரே மரபைச் சார்ந்தவை.

வெஸ்ட் மற்றொன்றையும் உணர்ந்திருந்தார். படிக்கச் சொல்லுமுன் சொல்லைக் கொடுக்க வேண்டும் என்பதே அது. அவர் 1953-இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியல், ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களைத் தெரிந்தெடுத்து வைத்தது. பின்வந்த உத்தியாளர் பலர் அவருடைய நோக்கத்தை ஏற்றனர், சொற்கணக்கைக் கைவிட்டனர். அக்கணக்கைச் சற்றே விரித்து நோக்கின் உண்மை விளங்கும்.

சொற்கணக்கு

நியூசிலாந்தைச் சார்ந்த ஏவெரில் காக்ஸ்ஹெட் என்பார் ஏறத்தாழ 35 இலட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூற்பகுதிகளை ஆராய்ந்து, 570 சொற்குடும்பங்கள் அடங்கிய கல்விச் சொற்பட்டியலை 2000-இல் வெளியிட்டார். அவர் கண்ட முடிவின்படி, வெஸ்டின் அடிப்படைச் சொற்கள் கல்வி நூல்களில் நூற்றுக்கு 76 பங்கும், இந்த 570 குடும்பங்கள் நூற்றுக்கு 10 பங்கும் வருகின்றன.

இனி, ஒரு பக்கத்தில் 300 சொற்கள் உள்ளன எனக் கொள்க. வெஸ்டின் பட்டியலை மட்டும் முற்றக் கற்ற மாணாக்கர்க்கு அப்பக்கத்தில் 72 இடங்கள் இருளாயிருக்கும். காக்ஸ்ஹெட்டின் பட்டியலையும் சேர்த்துக் கற்றவர்க்கு அது 42 ஆகக் குறையும். நூற்றுக்கு 95 சொல் அறிந்தால் ஓரளவு பொருளுணர்வு கைகூடும் என்று பாட்டியா லாஃபர் 1989-இல் கணித்தார். அந்நிலையில் பக்கத்துக்கு 15 சொல்லே தெரியாதவை. ஹூ, நேஷன் என்னும் இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. ஒரு கதைப் பகுதியில் தெரியாத சொற்களின் அளவை மாற்றி மாற்றி அவர்கள் சோதித்தனர். நூற்றுக்கு 80 சொல் அறிந்த நிலையில் எவரும் போதிய அளவு பொருள் உணர்ந்திலர். பெரும்பாலோர் துணையின்றிப் பொருளுணர 98 வேண்டியிருந்தது. அஃதாவது பக்கத்துக்கு ஆறு சொல்லுக்கு மேல் தெரியாதவை இருத்தலாகாது.

சூழலால் உய்த்துணரும் உத்தியின் எல்லை இங்குதான் புலனாகிறது. ஆறு சொல் தெரியாவிடின், எஞ்சிய 294 சொற்களும் விளக்கேந்தி நிற்கும். உய்த்துணர்வு பெரும்பாலும் பொருந்தும். எழுபத்திரண்டு சொல் தெரியாதபோது, விளக்காக நிற்க வேண்டிய சொற்களே இருளில் மூழ்கியிருக்கும். குருடர்க்குக் குருடர் வழிகாட்டிய கதையாகவே அது முடியும்.

தெரியாத சொல் தெரிந்தது போலத் தோன்றுவது இதனினும் பெரிய இடர். இத்தகைய மயக்கங்களை லாஃபர் தம் ஆய்வுகளில் எடுத்துக் காட்டியுள்ளார். குறைபாடுகளைக் குறிக்கும் 'ஷார்ட்கமிங்ஸ்' என்னுஞ் சொல்லைக் 'குறுகிய வருகைகள்' என்றும், 'ஆயினும்' எனப் பொருள்படும் 'நெவர்தலெஸ்' என்னுஞ் சொல்லை 'ஒருபோதும் குறையாத' என்றும் மாணாக்கர் கொண்டுவிடுகின்றனர். சொல்லின் உறுப்புகள் அறிமுகமானவை; முழுச்சொல்லோ அறியாதது. இவ்வாறு தவறாக உணர்ந்தவர் ஐயங்கொள்வதில்லை. ஐயங்கொள்ளாதவர் அகராதியைத் தேடுவதும் இல்லை. 'ஆயினும்' என்பதைப் பிழைபட உணர்ந்தவர்க்கு நூலாசிரியர் மறுத்த கருத்து அவரே நிறுவிய கருத்தாகத் தோன்றும். ஒரு சொல்லால் ஓர் அதிகாரத்தின் பொருளே தலைகீழாகும்.

கற்பிக்க வேண்டிய சொற்கள் யாவை என்பதிலும் தெளிவு வேண்டும். துறைக்கலைச் சொற்களை விரிவுரையாளர் விளக்கிவிடுவார். அவற்றுட் பல 'எக்கோனோமி', 'தெக்னோலோகி', 'டெமோக்ராசி' என மலாயிலும் வழங்குவதால் இந்நாட்டு மாணாக்கர்க்கு அவை ஏற்கெனவே அறிமுகமானவை. அடிப்படைச் சொற்களைப் பள்ளி ஆசிரியர் கற்பித்திருப்பார். இடைப்பட்ட 'அசியூம்', 'இண்டிகேட்', 'கான்ஸ்டிட்யூட்' போன்ற சொற்களுக்கோ உரிமையாளர் இல்லை. விரிவுரையாளர் அவற்றை மொழியாசிரியரின் கடமை என்பார். மொழியாசிரியர் அவற்றைத் துறை நூலின் பகுதி என்று விடுவார். அரிய கருத்துகளைத் தாங்கும் தூண்கள் இவை. அவற்றைத் திட்டமிட்டுக் கற்பித்தலைக் காட்டிலும் இலாபந் தரும் உழைப்பு படிப்பு வகுப்பில் வேறில்லை.

ஊகம் யாருடைய பழக்கம்?

குட்மனின் கொள்கைக்கு வலுவான மறுப்பு 1980-இல் வந்தது. நன்கு படிப்பவர் சொல்லைக் கண்ட அளவிலேயே பொருளுணர்வர். சொல்லறியும் ஆற்றல் குன்றியவரே அக்குறையை ஈடுசெய்யச் சூழலை மிகுதியும் நாடுவர் என்று கீத் ஸ்டானோவிச் காட்டினார். அஃதாவது, சொல்லுக்குச் சொல் ஊகித்தல் வல்லாரின் இலக்கணமன்று. மெலியோர் ஊன்றும் கோல். கோலூன்றுவது குற்றமன்று. ஆனால் கோலூன்றப் பழக்குவதை ஓடப் பழக்குவதாக எண்ணுதல் பிழை.

அதே ஆண்டில் மார்க் கிளார்க் என்பார், ஸ்பானிய மொழி பேசும் வயது வந்தோரைக் கொண்டு செய்த ஆய்வையும் வெளியிட்டார். தாய்மொழியில் மிகச் சிறப்பாகப் படித்தவரும் மெலிவாகப் படித்தவரும் ஆங்கிலத்துக்கு வந்தபோது அவர்களிடையே இருந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. மொழியறிவின் குறை, நல்ல படிப்பாளியின் திறனைச் செயற்படாது தடுத்துவிட்டது என்பது அவர் கண்ட முடிவு. படிப்பில் உள்ள இடர் படிப்புத்திறன் பற்றியதா, மொழியறிவு பற்றியதா என்று 1984-இல் சார்ல்ஸ் ஆல்டர்சன் எழுப்பிய வினாவுக்கு, மொழியறிவு ஒரு வாயிற்படியை எட்டும்வரை அது மொழியின் இடரே என்பதுதான் பெரும்பாலான சான்றுகள் தரும் விடை.

வயது வந்த மாணாக்கரின் மானம் பற்றிய செய்தியும் இதிலுண்டு. தமிழிலோ மலாயிலோ செய்தித்தாளும் வரலாறும் சட்டமும் பல்லாண்டு படித்துத் தேர்ந்தவர், தலைப்பை நோக்கிப் பொருளை ஊகிக்க அறியாதவரல்லர். அவரிடம் ஒரு படத்தைக் காட்டி, 'இப்பகுதி எதைப் பற்றியது? ஊகித்துக் கூறுக' என்று மணிக்கணக்காகக் கேட்பது, கைதேர்ந்த தச்சரை ஆணிக்குத் தலை எது என்று வினவுவதை ஒக்கும். அவருக்குக் குறைவது மதியன்று, மரமே.

வாக்கியத்தின் போக்கு

சொல் தெரிந்தும் பொருள் பிடிபடாமைக்கு வாக்கிய அமைப்பே காரணம். 'சென்ற ஆண்டு அரசு அமைத்த குழு வெளியிட்ட அறிக்கை கூறும் குறைகள் இன்னும் நீங்கவில்லை' என்னும் தமிழ் வாக்கியத்தில் அடைகள் யாவும் முன்னே நிற்கின்றன. 'குறைகள்' என்னும் எழுவாய் பயனிலையை ஒட்டி வருகிறது. ஆங்கிலத்திலோ 'குறைகள்' என்பது முதலில் வந்துவிடும். அறிக்கை, குழு, அரசு, சென்ற ஆண்டு என்பவை வரிசையாகப் பின்தொடரும். அவற்றுக்கெல்லாம் அப்பால் 'நீங்கவில்லை' என்னும் வினை நிற்கும். இடையில் வழிதவறிய மாணாக்கர், வினைக்கு அண்மையில் நிற்கும் 'அரசு' என்பதையே எழுவாயாக்கி, அரசு இன்னும் நீங்கவில்லை என்று பொருள் கொண்டாலும் வியப்பில்லை. மேலோட்டமாகப் பார்க்கும் உத்தி இவரைக் காப்பாற்றாது; மேலும் ஆழத்தில் தள்ளும்.

இங்கு மலேசியத் தமிழ் மாணாக்கர்க்கு ஒரு நற்பேறுண்டு. மலாய்மொழியில் 'லாப்போரான் யாங் டிக்கெலுவார்க்கான்' என அறிக்கை முன்னே நின்று அதன் அடை பின்னே வரும். ஆங்கில வாக்கியத்தின் நீண்ட பின்னடைகளை விளக்க மலாய் ஏற்ற துணை. மாறாக, 'டீச்சர் டிரெயினிங் காலேஜ் லைப்ரரி' என்று பெயர்களை அடுக்கும் ஆங்கிலத் தொடர் 'ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகம்' என்னும் தமிழ்த் தொடரின் நேர்நிழல். மலாயோ அதனைத் தலைகீழாக்கும். இரு மொழியறிவும் இரு வேறு பாதியில் உதவுகின்றன. வகுப்பில் ஆங்கிலம் தவிரப் பிறமொழி நுழையலாகாது என்று கதவடைக்கும் ஆசிரியர், மாணாக்கர் கையிலுள்ள இரண்டு திறவுகோல்களையும் பிடுங்கி எறிகின்றார்.

திருமணக் கடிதம்

சொல்லும் வாக்கியமும் விளங்கிய பின்னும் ஒரு தடை எஞ்சுதலுண்டு. ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் என்னும் மூவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியரும் அமெரிக்கரும் இரண்டு ஆங்கிலக் கடிதங்களைப் படித்தனர். ஒன்று இந்தியத் திருமணத்தையும், மற்றொன்று அமெரிக்கத் திருமணத்தையும் பற்றியது. தம் பண்பாட்டுக்குரிய கடிதத்தை இருசாராரும் விரைந்து படித்தனர். மிகுதியும் நினைவிற் கொண்டனர். அமெரிக்க மணமகள் தன் பாட்டியின் திருமண ஆடையை அணிந்திருந்தாள் என்னும் செய்தி, அமெரிக்கருக்குப் பெருமைக்குரிய மரபாகத் தோன்றியது. இந்தியர் ஒருவர்க்கோ, அவள் ஆடை பழையதாய், வழக்கொழிந்ததாய் இருந்தது என்று தோன்றிற்று.

ஆங்கிலம் இரு சாராரையும் தடுக்கவில்லை. அவர்களைப் பிரித்தது முன்னறிவே. முன்னறிவை எழுப்பும் உத்தி நன்று என்று உத்தியாளர் கூறுவதற்கு இது சான்றாகும். ஆயின், இல்லாத முன்னறிவை எழுப்புதல் இயலாது, ஊட்டத்தான் வேண்டும். மாணாக்கர் ஊகித்தவை சரியா என்று பின்னர்ச் சரிபார்க்காத வகுப்பில், முன்னறிவு வழிகாட்டுவதற்கு மாறாக மயக்கவுங் கூடும்.

உத்திக்குரிய இடம்

இவ்வளவாலும் உத்திகள் வேண்டா என்பது பெறப்படவில்லை. உரைக்கு உரியனவாக நன்னூல் எண்ணும் 14 கூறுகளில் சொற்பொருளும் உண்டு, தொகுத்துரைத்தலும் உண்டு, வினாவும் விடையும் உண்டு. சொற்பொருள் முன்னும் தொகுத்துரையும் வினாவிடையும் பின்னுமாக அவை நிற்கும் வரிசையே ஒரு பாடம். ஒரு நூலை ஒருமுறைக்கு இருமுறை கேட்டவர்க்குப் பிழை குறையும் என்று அவ்விலக்கணம் கூறுவதும், விரைவையே பெரிதாக எண்ணும் இக்காலப் பயிற்சிக்குத் தக்க மருந்து.

உத்தியாளர் ஒரு வினா எழுப்புவர். துணையின்றிப் படிக்க எண்ணாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006-இல் பால் நேஷன் கணக்கிட்டுள்ளார். இரண்டு பருவமே வகுப்பில் இருக்கும் மாணாக்கர் அத்தனைக்கு எங்குப் போவார்? வினா நியாயமானதே. சொல்லை வகுப்பு முற்றும் ஊட்ட முடியாது. படிப்பே ஊட்ட வேண்டும். அதற்கு எல்லாத் துறையிலும் ஒவ்வொரு பக்கம் படிப்பதை விடுத்து, மாணாக்கரின் துறையில் ஒரே பொருள் பற்றிய ஐந்தாறு கட்டுரைகளை அடுத்தடுத்துப் படிப்பித்தல் சிறந்த வழி. முதற் கட்டுரையில் தடுக்கிய சொல் இரண்டாவதில் மீண்டும் வரும். நான்காவதில் பழகிய முகமாகும். முன்னறிவும் அவ்வாறே சேரும். இருள் குறையக் குறைய உய்த்துணர்வும் பலிக்கத் தொடங்கும். அந்நிலையில் வினவுதலும் சுருக்குதலும் வெறுஞ் சடங்காகாமல் உண்மைக் கருவிகளாகும்.

தேர்வும் இவ்வரிசையைக் குலைப்பதற்குக் காரணமாகிறது. 1999-இல் தொடங்கிய மலேசியப் பல்கலைக் கழக ஆங்கிலத் தேர்வில், நான்கு திறன்களுள் படித்தலுக்கே நெடுங்காலம் மிகுந்த மதிப்பெண் தரப்பட்டது. விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்லும் வினாத்தாளுக்கு, வினாவை முதலிற் பார்த்துப் பகுதியில் அதன் சொல்லைத் தேடும் உத்தி நன்றாகவே உதவும். நூலகத்தில் நூலைத் திறந்தால் எவரும் நான்கு விடைகளை அச்சிட்டு வைத்திருப்பதில்லை. வினாவையும் விடையையும் மாணாக்கரே ஆக்கிக்கொள்ள வேண்டிய இடம் அது. தேர்வில் வென்றவர் நூலகத்தில் தோற்பதன் காரணம் இதுவே.

ஆகவே, படிப்பு வகுப்பை மேற்கொள்ளும் ஆசிரியர் முதல் நாளில் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. மாணாக்கர் படிக்க வேண்டிய நூலில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, தெரியாத சொல்லுக்குக் கீழே கோடிடச் சொல்லுக. கோடுகளை எண்ணுக. முந்நூறு சொல்லுக்கு ஆறேழு கோடாயின், உத்திகளைத் தயங்காது கற்பிக்கலாம். பதினைந்தாயின், சொல்லும் உத்தியும் கலந்து தரலாம். நாற்பது, ஐம்பதாயின், உத்தி நூலை மூடி வைத்துவிட்டு, எளிய நூலையும் சொற்பட்டியலையும் எடுத்தலே அறம். கோடில்லாத சொல்லிலும் நாலைந்தைத் தெரிந்தெடுத்துப் பொருள் கேட்டல் நலம். தெரிந்ததாக மயங்கிய சொற்கள் அப்போதே வெளிப்படும்.

பத்து நிமிடத்தில் முடியும் இச்சோதனைக்குப் பொருட்செலவில்லை. இதனைச் செய்யாது உத்திகளை மட்டும் ஓதும் வகுப்பு, பகலெல்லாம் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ உழைத்துவிட்டு இரவில் ஏட்டைத் திறக்கும் ஒருவரின் அரிய நேரத்தை வீணாக்குகிறது. அத்துடன், தமக்கு அறிவு போதாது என்னும் பொய்யான எண்ணத்தையும் அவர் உள்ளத்தில் விதைத்துவிடுகிறது. சொல்லைக் கொடுத்தபின் வழியைக் காட்டுக. அவர் தாமே நடந்து போவார்.